இணையத்தில் விற்க ஏற்ற சொல் எது?

காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் பகுதிகளில் கொப்பரைக்குத் தேங்காய்ப் பருப்பு என்றே பெயர். ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் 'பருப்பு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அங்கிருப்பவர் அனைவருக்கும் விளங்கிவிடும். சென்னையில் உள்ள ஒரு குடும்பத் தலைவியிடம் அதே சொல்லைச் சொன்னால் அவர் துவரம் பருப்பு என்றுதான் எண்ணுவார். நேரில் பேசும்போது இந்தக் குழப்பம் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இணைய வழி வியாபாரத்தில் தீராது. வாங்குபவர் செல்போனில் தட்டும் சொல் நம்முடைய பக்கத்தில் இல்லையென்றால், நம் சரக்கு அவர் கண்ணில் படாமலே போய்விடும்.

திருப்பூர் மாவட்டத்துச் சிறு விவசாயிகளில் பலர் இப்போது விளைந்ததை அப்படியே விற்காமல் ஏதாவது ஒரு பக்குவம் செய்து விற்க முற்பட்டிருக்கிறார்கள். தென்னை உள்ளவர் மரச்செக்கு போடுகிறார். முருங்கை உள்ளவர் இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குகிறார். கரும்பு உள்ளவர் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறார். இத்தகைய சிறு உணவுத் தொழில்களுக்கென்று மத்திய அரசு 2020ல் கொண்டுவந்த பிரதம மந்திரி திட்டத்தில், முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் போக மீதி வங்கிக் கடன்தான். செக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை நாள் வந்துவிடும். ஆட்டிய எண்ணெய் டிரம்மில் நாள்பட்டால் காறல் அடிக்கும். "பையன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான்; மூன்று மாதமாகியும் ஒரு ஆர்டர் வரவில்லை" என்று குறைப்படுவோர் அநேகர். இவர்களில் பலருக்குச் சரக்கில் குறை இல்லை. சொல்லில்தான் குறை.

சர்வே எண்ணைப் போல

கூகுள் போன்ற தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போடும்போது சர்வே எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டால், நம் தகப்பனார் வாங்கிய நிலமே அதில் வராது. நிலம் அங்கேதான் இருக்கிறது, பத்திரமும் இருக்கிறது, ஆனால் எண் பொருந்தவில்லை. தேடுபொறியும் உலகத்தில் உள்ள இணையப் பக்கங்களை எல்லாம் முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய அடங்கலை எழுதி வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டியவுடன், அந்த அடங்கலைப் புரட்டிப் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அப்படித் தட்டப்படும் சொல்லைத் தேடுசொல் என்பார்கள். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் 'கீவேர்டு' என்று சொல்வதும் இதைத்தான்.

இந்தக் காலத்துத் தேடுபொறிகள் முன்னைவிடக் கெட்டிக்காரத்தனம் உள்ளவை. ஒரே பொருள் தரும் வேறு சொற்களையும், சிறு எழுத்துப் பிழைகளையும் ஓரளவு தாமே புரிந்துகொள்கின்றன. ஆனால் வட்டார வழக்கில் அவை இன்னும் அரைகுறைதான். காங்கேயத்துப் பருப்பு எது, காங்கேயம் கடையில் விற்கும் பருப்பு எது என்று பிரித்தறிவதை அவற்றின் பொறுப்பில் விட்டுவிடக் கூடாது.

விற்பவர் சொல்லும் வாங்குபவர் சொல்லும்

முருங்கையை எடுத்துக்கொள்வோம். மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் இது முக்கியமான பயிர். நமக்கு அது முருங்கை. ஆங்கிலம் பேசும் இந்தியர் காயை 'டிரம்ஸ்டிக்' என்பார். வெளிநாட்டார் இலைப்பொடியை 'மொரிங்கா பவுடர்' என்று கேட்பார்கள். மொரிங்கா என்ற தாவரவியல் பெயர் நம் முருங்கையிலிருந்து போனதுதான். நம் வீட்டுச் சொல் கப்பலேறிப் போய், கோட்டு சூட்டு போட்டுத் திரும்பி வந்திருக்கிறது! ஆகவே இலைப்பொடி விற்பவர் தம் பக்கத்தில் முருங்கை இலைப்பொடி என்று தமிழிலும், மொரிங்கா பவுடர் என்று ஆங்கிலத்திலும் இரண்டையும் எழுத வேண்டும். டிரம்ஸ்டிக் என்று மட்டும் எழுதினால் ஒரு வேடிக்கை நடக்கும். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் கோழிக்கால் என்றும் பொருள். டோல் அடிக்கும் குச்சி என்றும் பொருள். பொரித்த கோழி தேடி வருபவருக்கு நம் பொடியால் என்ன பயன்?

செக்கு எண்ணெய்க்கும் இதே கதைதான். மரச்செக்கு எண்ணெய், கல்செக்கு எண்ணெய், வாகை மரச்செக்கு எண்ணெய் என்று நாம் சொல்கிறோம். நகரத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் 'கோல்டு பிரஸ்டு', 'உட் பிரஸ்டு' என்று தேடுவார்கள். வடநாட்டார் 'கானி' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். நல்லெண்ணெய் ஒருவருக்கு 'ஜிஞ்ஜெல்லி', இன்னொருவருக்கு 'செசமி', இந்திக்காரருக்கு 'தில்'. நிலக்கடலையை வேர்க்கடலை என்பவர் உண்டு, மல்லாட்டை என்பவரும் உண்டு. பொங்கலூர், குண்டடம் பக்கத்தில் விளையும் சின்ன வெங்காயம் பெங்களூர்க் கடையில் 'சாம்பார் ஆனியன்', வெளிநாட்டில் 'ஷாலட்'. கம்பு வடக்கே 'பாஜ்ரா', சோளம் 'ஜோவார்'. யாருக்கு விற்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்தால்தான் எந்தப் பெயரைப் போடுவது என்ற முடிவுக்கு வர முடியும். உள்ளூர் வீடுகளுக்கு விற்பவர் ஷாலட் என்று எழுதிக் கொண்டிருப்பது வீண்.

நாட்டுச் சர்க்கரையில் ஒரு கண்ணி இருக்கிறது. நிறத்தைப் பார்த்து அதை 'பிரவுன் சுகர்' என்று எழுதிவிடுகிறார்கள். கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஆலையில் வெள்ளைச் சர்க்கரையோடு கழிவுப்பாகு கலந்து செய்வது. கேக் செய்பவர்கள் வாங்குவது. அவர்களுக்கு நம் சரக்கு ஆகாது. நம் சரக்கைத் தேடுபவர் 'ஜாகரி பவுடர்', 'நாட்டு சக்கரை' என்று தேடுகிறார். கூட்டம் அதிகம் வரும் சொல் என்பதற்காக வேறு பொருளின் பெயரைக் கடன் வாங்கினால் வந்தவர் திரும்பிப் போவார். போகிறபோது ஒரு குறையும் எழுதி வைத்துவிட்டுப் போவார்.

பனியன் தொழிலில் கண்டது

இதை நம் ஊர்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் எப்போதோ தெரிந்துகொண்டார்கள். நாம் பனியன் என்பதை இங்கிலாந்துக்காரர் 'வெஸ்ட்' என்பார். அமெரிக்காவில் வெஸ்ட் என்றால் கோட்டுக்குள் போடும் கையில்லாச் சட்டை. பனியனுக்கு அங்கே 'அண்டர்ஷர்ட்' என்று பெயர். பின்னலாடைத் தொழில் முழுவதையும் நம் நாட்டில் 'ஹோசியரி' என்று சொல்கிறோம். மேல்நாட்டில் அந்தச் சொல்லுக்குக் காலுறை என்றுதான் பொருள். 'திருப்பூர் ஹோசியரி' என்று எழுதிவிட்டு டி-ஷர்ட் ஆர்டருக்குக் காத்திருந்தால் காலுறை கேட்டுக் கடிதம் வரும்.

அதோடு, அனுபவப்பட்ட ஏற்றுமதியாளர் வெறுமனே 'டி-ஷர்ட்' என்று எழுத மாட்டார். பருத்தியா கலப்பா, துணி எத்தனை ஜிஎஸ்எம், வட்டக் கழுத்தா காலரா, குறைந்தபட்சம் எத்தனை உருப்படி என்பதையும் சேர்த்தே எழுதுவார். '180 ஜிஎஸ்எம் காட்டன் வட்டக் கழுத்து டி-ஷர்ட் மொத்த விலை' என்று தேடுபவர் வேடிக்கை பார்க்க வந்தவராக இருக்க முடியாது. நம் குடும்பங்களில் யாராவது ஒரு பிள்ளை பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பது சகஜம். செக்குக்குச் சொல் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய சொல்லின் பின்னால் போகாதீர்

'தேங்காய் எண்ணெய்' என்ற சொல்லை ஏராளமானோர் தேடுவார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் யார் நிற்பார்கள்? பாராசூட் போன்ற பெரிய பெயர்கள், அமேசான், பிளிப்கார்ட் போன்ற பெரிய சந்தைகள். அந்த வரிசையில் 50 தென்னை வைத்திருப்பவர் போய் நிற்பது, லாரி லாரியாகச் சரக்கு இறங்கும் மண்டியில் ஒரு கூடைத் தக்காளியோடு போய் நிற்பதற்குச் சமம். அதே கூடையை உழவர் சந்தைக்குக் கொண்டு போனால் காலை ஒன்பது மணிக்குள் விற்றுவிட்டு வீடு திரும்பலாம்.

சிறு விவசாயிக்கு உழவர் சந்தையாக அமைவது நீளமான தேடுசொல். 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய் 5 லிட்டர் விலை', 'புகை போடாத கொப்பரை எண்ணெய்', 'திருப்பூரில் செக்கு எண்ணெய் வீட்டுக்கு டெலிவரி' என்று மூன்று, நான்கு சொற்கள் சேர்ந்து வருவது. இப்படித் தேடுபவர் தொகை குறைவு. ஆனால் அவர் பாதி வாங்கிவிட்டவர். விலையும் வழியும்தான் கேட்கிறார். போட்டிக்கு நிற்பவர்களும் குறைவு. நம் பொருளில் உண்மையாகவே என்ன தனித்தன்மை இருக்கிறதோ அதைச் சொல்லோடு சேர்க்க வேண்டும். கந்தகப் புகை போடாமல் வெயிலில் உலர்த்தியதா, களத்தில் உலர்த்தியதா, சோலார் உலர்த்தியிலா, ஆட்டிய தேதி போட்டுத் தருகிறோமா, எந்த ஊருக்குள் நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பவை எல்லாம் தேடுசொற்கள்தாம். இவற்றைப் பெரிய கம்பெனி எழுத முடியாது; எழுதினாலும் பொருந்தாது.

ஊர்ப் பெயரும் பலம் தரும், அந்த ஊருக்கு அந்தப் பொருளில் பெயர் இருந்தால். ஊத்துக்குளி வெண்ணெய் என்று கேட்டே வாங்குகிறார்கள். அங்கே எடுத்த வெண்ணெய்க்கு ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே போட வேண்டும். வேறு ஊர் வெண்ணெய்க்கு அதைப் போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் என்று மட்டும் தட்டுபவர் காளையைத் தேடுகிறாரா, பஸ் நேரம் தேடுகிறாரா, எண்ணெய் தேடுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் பொருளின் பெயரும் இருக்க வேண்டும்.

சக விவசாயிக்கே எழுதிவிடும் தவறு

இது படித்த விவசாயிகளும் செய்கிற தவறு. முருங்கைப் பொடி விற்க ஒரு பக்கம் போடுகிறார். தமக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில், பிகேஎம்-1 ரகம், நாற்றுக்கு இடைவெளி, சொட்டுநீர், கம்பளிப்பூச்சிக் கட்டுப்பாடு என்று விரிவாக எழுதிவிடுகிறார். பக்கத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். தினம் நான்கு போன் வருகிறது. எல்லாம் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் அரவக்குறிச்சியிலிருந்தும் "உங்கள் மரத்தில் காய்ப்பு எப்படி?" என்று கேட்கும் விவசாயிகள். பொடி வாங்க ஒருவரும் இல்லை. முருங்கை சாகுபடி என்பது சாகுபடி செய்பவர் தேடும் சொல். விதையோ நாற்றோ விற்பவருக்கு அது தங்கமான சொல். பொடி விற்பவருக்குப் பொழுதுபோக்கு.

தேடுபவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லின் வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். 'எப்படி', 'நன்மைகள்', 'என்றால் என்ன' என்று முடிந்தால் அவர் தெரிந்துகொள்ள வந்தவர். இவர்களுக்கு இப்போதெல்லாம் கூகுளே பதிலைத் தொகுத்து மேலேயே காட்டிவிடுவதால், கீழே உள்ள பக்கங்கள் வரை இறங்கி வருவோர் குறைவு. 'விலை', 'வாங்க', 'ஒரு கிலோ', 'மொத்த விலை', 'டெலிவரி' என்று முடிந்தால் பணத்தோடு வந்தவர். 'அருகில்' என்று இருந்தால் வண்டியோடு வந்தவர். நம் உழைப்பில் முக்கால் பங்கு பின்னிரண்டு பேருக்குச் செலவாக வேண்டும்.

சொற்களைச் சேகரிக்கும் விதம்

முதல் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு மாத காலம், போனில் பேசும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் பொருளை எந்தப் பெயரால் கேட்கிறார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. "கலப்படம் இல்லாத எண்ணெய் இருக்குங்களா?" என்று ஐந்து பேர் கேட்டிருந்தால், 'கலப்படம் இல்லாத' என்பதே ஒரு தேடுசொல். "கொழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய்", "கேரளா சமையலுக்கு", "பஞ்சாமிர்தத்துக்கு ஆகிற சர்க்கரை" என்று நாம் நினைத்தே பார்க்காத சொற்கள் வந்து விழும். உழவர் சந்தையில் ஒரு மணி நேரம் சும்மா நின்று காது கொடுத்தாலும் இதே பலன் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்திகளையும் ஒரு முறை புரட்ட வேண்டும்.

அடுத்து, கூகுள் தேடும் கட்டத்தில் 'மரச்செக்கு' என்று தட்டிவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தாமல் காத்திருந்தால், கீழே சில சொற்றொடர்கள் தாமே வரும். மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து எடுத்துக் காட்டப்படுபவை அவை. நோட்டில் குறித்துக்கொள்ளலாம். பக்கத்தின் அடியில் தொடர்புள்ள தேடல்கள் என்று இன்னும் சில இருக்கும். யூடியூபிலும், அமேசான் தேடும் கட்டத்திலும் இவ்விதமே செய்து பார்க்கலாம். அமேசானில் வருபவை எல்லாம் வாங்க வந்தவர் சொற்கள் என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம். நம் சொந்த செல்போனில் பார்த்தால் நாம் முன்பு தேடியவற்றை ஒட்டியே காட்டும். ஆகையால் 'இன்காக்னிட்டோ' என்ற முறையில் திறந்து பார்ப்பது சரியாக இருக்கும்.

இரண்டு சொற்களில் எது அதிகம் புழங்குகிறது என்ற ஐயத்துக்கு 'கூகுள் டிரெண்ட்ஸ்' என்ற இலவசப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் போட்டு, இடம் தமிழ்நாடு என்று குறித்தால் கோட்டுப்படம் வரும். அதில் காணும் 100 என்ற எண் நூறு பேர் தேடினார்கள் என்பதல்ல. அந்தக் காலத்தில் மிக அதிகமாகத் தேடப்பட்ட உச்சத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு விகிதமாகக் காட்டுகிறார்கள். நீளமான சொற்களுக்குப் போதிய விவரம் இல்லை என்று வரும். அதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டாம். நோட்டில் இருப்பது உயிருள்ள மனிதர் கேட்டது.

கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று திறந்தால் 'கீவேர்டு பிளானர்' என்ற கருவியும் கிடைக்கும். மாதத்துக்குச் சராசரியாக எத்தனை தேடல் என்று அது சொல்லும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கு 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று பரும்படியாகத்தான் காட்டும். அதிலே 'போட்டி' என்று ஒரு பத்தி உண்டு. அது விளம்பரம் கொடுப்போரிடையே உள்ள போட்டியைக் குறிப்பது. இலவச வரிசையில் முன்னுக்கு வருவது எளிதா கடினமா என்பதை அது சொல்லாது. இதைத் தவறாகப் படித்துவிட்டு, போட்டி குறைவு என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு.

எழுத்துக் கூட்டல்

தமிழர்களே பொருள் வாங்கும்போது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். திருப்பூரையே பாருங்கள். அரசாங்கம் இரண்டு 'பி' போட்டு எழுதுகிறது. கம்பெனிகளில் பல ஒரே 'பி' போடுகின்றன. முதலில் 'டிஎச்' போட்டு எழுதுவோரும் இருக்கிறார்கள். 2020ல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஜூன் மாதம் அறிவித்தது. அதே மாதத்தில் திரும்பவும் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்கே இந்தப் பாடு என்றால் எண்ணெய் விற்பவர் என்ன செய்வது? அதிகம் புழங்கும் கூட்டலைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பக்கத்தின் உள்ளே முகவரியிலோ டெலிவரி விவரத்திலோ இயல்பாக ஒரு முறை எழுதினால் போதும். ஊத்துக்குளி, மரச்செக்கு, கருப்பட்டி ஆகிய சொற்களுக்கும் இவ்விதமே.

2017 முதல் தமிழில் வாயால் பேசியும் கூகுளில் தேட முடிகிறது. பேசுபவர் முழு வாக்கியமாகக் கேட்பார்: "பக்கத்துல செக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்?" ஆகையால் பக்கத்தில் கேள்வி-பதிலாக நான்கு வரி, பேச்சுக்கு அருகான தமிழில் இருப்பது நல்லது.

சொல்லை எங்கே வைப்பது?

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய், பொடி, சர்க்கரை மூன்றையும் ஒரே பக்கத்தில் குவிப்பது மூன்று விதையையும் ஒரே குழியில் போடுவது போலத்தான். பக்கத்தின் தலைப்பில் முக்கியமான தேடுசொல் வர வேண்டும். முதல் வாக்கியத்தில் வர வேண்டும். படத்துக்குப் பெயர் வைக்கும்போதும் வெறும் எண்ணாக விடாமல் பொருளின் பெயரை வைக்க வேண்டும். சொந்த இணையதளம் இல்லாதவர் கூகுள் வரைபடத்தில் வியாபாரத்தை இலவசமாகப் பதிந்துகொண்டு, அதன் விவரத்திலும், வாட்ஸ்அப் பிசினஸ் பொருள் பட்டியலிலும் இதே சொற்களைப் போடலாம். உள்ளூரில் விற்பவருக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

ஒரே சொல்லை இருபது முறை திரும்பத் திரும்ப எழுதக் கூடாது. உரம் அதிகமானால் பயிர் கருகும். கூகுள் இதை மோசடி வகையில் சேர்த்துப் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பக்கத்தின் மறைவான பகுதியில் 'கீவேர்டு' என்று ஒரு பட்டியல் கொடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதைத் தாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே தெரிவித்துவிட்டது. இன்றும் அந்தப் பட்டியலை எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை அவசியம். "முதல் இடத்துக்குக் கொண்டுவர கியாரண்டி" என்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம்

கூகுள் விளம்பரம் ஓர் ஏலம். ஒரு சொல்லுக்கு யார் எவ்வளவு தருவார் என்பதோடு, விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். பொதுவாக ஒருவர் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வந்தால்தான் காசு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொடுகைக்கு 6 ரூபாய் என்றும், ஒரு லிட்டர் எண்ணெயில் நமக்கு நிற்பது 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 'தேங்காய் எண்ணெய்' என்ற சொல்லுக்கு விளம்பரம் கொடுத்து 100 பேர் உள்ளே வந்தால் 600 ரூபாய் செலவு. அவர்களில் ஒருவர் ஒரு லிட்டர் வாங்கினால் 60 ரூபாய் வரவு, 540 ரூபாய் கைநஷ்டம். 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய் 5 லிட்டர்' என்ற சொல்லுக்கு 20 பேரே வந்து, செலவு 120 ரூபாய் ஆகி, இரண்டு பேர் ஐந்து ஐந்து லிட்டர் வாங்கினால் 600 ரூபாய் வரவு, 480 ரூபாய் மிச்சம். இந்த எண்கள் கணக்குக்காகப் போட்டவை. அவரவர் சொந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டே விளம்பரத்தில் இறங்க வேண்டும்.

களை எடுக்கவும் இதில் வழி இருக்கிறது. எந்தச் சொல் சேர்ந்து வந்தால் நம் விளம்பரம் தெரியக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். முருங்கைக்காய் விற்பவர் 'சிக்கன்' என்ற சொல்லை விலக்க வேண்டும். எண்ணெய் விற்பவர் 'மெஷின்', 'வேலை', 'இலவசம்', 'செய்முறை' ஆகியவற்றை விலக்க வேண்டும். செக்கு இயந்திரம் தேடி வருபவர் தொட்டாலும் நமக்கு 6 ரூபாய் போகிறது அல்லவா? வாரம் ஒரு முறை எந்தெந்தச் சொல்லுக்குக் காசு போயிற்று என்ற பட்டியலைப் பார்த்து விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

போடக் கூடாத சொற்கள்

சர்க்கரை நோய் குணமாகும், ரத்த அழுத்தம் தீரும் என்ற சொற்களுக்குத் தேடல் அதிகம் என்பதால் முருங்கைப் பொடிக்கு அவற்றைப் போட ஆசை வரும். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ல் வந்த உணவு விளம்பர விதிகள் தடுக்கின்றன. அதைவிட, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பும் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

'ஆர்கானிக்' என்ற சொல்லும் இப்படித்தான். 2017ல் வந்த விதிகளின்படி இயற்கை விளைபொருள் என்று விற்க என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்று முறைக்குள் வர வேண்டும். சான்று இல்லாதவர் அந்தச் சொல்லைத் தொடாமல், 'வெயிலில் உலர்த்தியது', 'சொந்தத் தோட்டத்துத் தேங்காய்' என்று உள்ளதை எழுதுவதே பாதுகாப்பு. எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு சங்கதி. சிறு பாட்டிலில் அடைத்த சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்று வரி விவகாரம் பல வருடங்கள் நடந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூந்தல் எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்காதவரை அது சமையல் எண்ணெய் என்பது தீர்ப்பின் சாரம். கூந்தல் எண்ணெய் என்று லேபிள் ஒட்டினால் அது அழகுசாதனப் பொருளாகிவிடும். உணவுப் பதிவு மட்டும் போதாது, வேறு உரிமம் வேண்டும். ஆகவே சமையலுக்கு விற்பவர் 'முடி வளர' என்ற தேடுசொல்லின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பருவம் பார்த்து

தேடலுக்கும் பட்டம் உண்டு. வெல்லம், மஞ்சளுக்குப் பொங்கல். எண்ணெய், நெய்க்குத் தீபாவளி. கூகுள் டிரெண்ட்ஸில் ஐந்து வருடப் படத்தைப் பார்த்தால் எந்த மாதம் கோடு ஏறுகிறது என்பது தெரியும். புதிதாகப் போட்ட பக்கம் தேடுபொறியில் நிலைக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகலாம் என்பதால், பொங்கல் வியாபாரத்துக்கு ஐப்பசியிலேயே பக்கம் தயாராகிவிட வேண்டும். மார்கழியில் எழுதினால் அடுத்த வருடப் பொங்கலுக்குத்தான் உதவும்.

பக்கம் போட்டு மூன்று மாதம் கழித்து, 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியைத் திறந்து பார்க்க வேண்டும். என்ன சொல்லுக்கு நம் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றோம் என்ற விவரம் 16 மாதம் வரை அதில் இருக்கும். பலமுறை தெரிந்தும் யாரும் தொடாத சொல் என்றால் தலைப்பை மாற்றி எழுத வேண்டும். நாம் எழுதாத ஒரு சொல்லுக்கு ஆட்கள் வந்திருந்தால், அதை நோட்டில் ஏற்றி அதற்கென்று தனியாக ஒரு பக்கம் போட வேண்டும்.